நிலுவையில் கிடக்கும் கோப்பு: சமூகப் பணி ஒழுங்குமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சமூக சேவகர்' என்றால் நம் ஊரில் ஒரு உருவம் கண்முன் வரும். மழைக்காலத்தில் போர்வை கொடுப்பார், ரத்ததான முகாம் நடத்துவார், போஸ்டரில் கைகூப்பி நிற்பார். யாரிடமும் கேட்காமலே அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 'சோஷியல் வொர்க்கர்', அதாவது சமூகப் பணியாளர், அப்படியில்லை. 2005 ஏப்ரல் 1 முதல் அது சட்டம் காக்கும் பெயர். பதிவேட்டில் இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டு பிறரை ஏமாற்றினால் குற்றம்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டுமா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவர் இவர்தான். மறதிநோய் முற்றிய ஒரு பாட்டி தன் வீட்டிலேயே இருக்கலாமா, இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று மதிப்பிடுபவரும் இவர்தான். அப்படியானால் இவரைக் கண்காணிப்பது யார்?

அந்த வேலையை இங்கிலாந்து இருபது ஆண்டுகளுக்குள் மூன்று அமைப்புகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டது. 2001-இல் ஜெனரல் சோஷியல் கேர் கவுன்சில். 2012 ஆகஸ்டில் பிசியோதெரபிஸ்டுகள் உள்படப் பல தொழில்களையும் சேர்த்துப் பார்க்கும் ஹெல்த் அண்ட் கேர் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில். 2019 டிசம்பர் 2 முதல் ஷெஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட சோஷியல் வொர்க் இங்கிலாந்து. இதன் பதிவேட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள். 'யூ.கே.வில் பதிவாகிவிட்டேன்' என்று சொல்பவரிடம், எந்த நாட்டில் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இந்த இருபது ஆண்டுக் கதையில் ஒழுங்குமுறை அமைப்பின் தலைமையும், சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்திருக்கும் உள்ளாட்சி கவுன்சில்களும், பணியாளர்களும், புகார் கொடுக்கும் குடும்பங்களும் செய்த, இன்னும் செய்கிற தவறுகள் நிறைய. எனக்கு முக்கியமாகப் படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழைய கோப்பை யாரும் திறக்காமல் விடுவது

2009-இல் ஜெனரல் சோஷியல் கேர் கவுன்சிலில் ஒரு விஷயம் வெளியே வந்தது. சமூகப் பணியாளர்கள் மீதான 203 நடத்தைப் புகார்கள் உரிய கவனம் பெறாமல் தேங்கிக் கிடந்தன. அமைப்பின் தலைமை நிர்வாகி இடைநீக்கம் செய்யப்பட்டார், பிறகு பதவியையும் இழந்தார். அடுத்த ஆண்டே அந்த அமைப்பை மூடப்போவதாக அரசு அறிவித்தது. செலவைக் குறைக்கும் நோக்கமும் அதில் இருந்தது என்றாலும், தேங்கிய கோப்புகளின் கதைக்குப் பிறகு அந்த அமைப்புக்காகப் பேசுவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

203 என்பது பெரிய எண்ணிக்கையா என்றால், இல்லை. எந்த அலுவலகத்திலும் நிலுவை இருக்கும். ஆனால் அந்தக் கோப்புகளைப் பிரித்து, 'இந்த ஆள் இன்றைக்கும் வேலையில் இருக்கிறாரா, இவரால் இன்றைக்கு யாருக்காவது ஆபத்து உண்டா' என்று பார்க்காமல் விட்டிருந்தார்கள். புகார் வந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆபத்து உண்டு என்றால், விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால உத்தரவு போட்டு 18 மாதம் வரை பணியை நிறுத்தவோ நிபந்தனை விதிக்கவோ இப்போதைய விதிகளில் வழி உண்டு. கோப்பைத் திறந்தால்தானே அந்த வழியே தெரியும்.

இந்தப் பாடம் படித்து முடித்த பாடமாகிவிட்டதா? இல்லை. சோஷியல் வொர்க் இங்கிலாந்து தொடங்கியபோதே பழைய அமைப்பிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைச் சுமந்துகொண்டுதான் தொடங்கியது. அதையும் மேற்பார்வையிடும் ப்ரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி, விசாரணைகள் தாமதமாவதைக் குறையாகச் சுட்டிக்காட்டியிருக்கிறது. பணம் போதவில்லை, இறுதி விசாரணைகளை இத்தனைதான் நடத்த முடியும் என்பது ஒழுங்குமுறை அமைப்பின் பதில். அது பொய்யான பதில் இல்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்துச் சாட்சி சொல்ல வரும் தாய்க்கு எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது மங்கியிருக்கும். எதிர்த் தரப்பில் அந்தப் பணியாளரும் மூன்று ஆண்டாகத் தூக்கமில்லாமல் இருந்திருப்பார்.

தலைமைக்குழுக் கூட்டங்களில் பொதுவாக வைக்கப்படும் கணக்கு சராசரி: ஒரு புகாரை முடிக்கச் சராசரியாக இத்தனை வாரம். சராசரியில் ஒரு தந்திரம் இருக்கிறது. எளிய புகார்களை மளமளவென்று முடித்தால் அது அழகாகக் குறைந்துவிடும். சிக்கலானது அடியிலேயே கிடக்கும். ஆபத்தும் பெரும்பாலும் அந்தச் சிக்கலான கோப்பில்தான் இருக்கும். 'நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பத்துக் கோப்புகள் எவை, ஒவ்வொன்றும் ஏன் நகரவில்லை' என்று கேட்கிற ஒரு உறுப்பினர் போதும், அலுவலகத்தின் போக்கே மாறும்.

தலைப்புச் செய்தி தீர்ப்பு எழுதுவது

2007 ஆகஸ்டில் வடக்கு லண்டனின் ஹாரிங்கேயில் 17 மாதக் குழந்தை ஒன்று சித்திரவதைக்குள்ளாகி இறந்தது. பத்திரிகைகள் 'பேபி பி' என்று எழுதிய குழந்தை. சமூகப் பணியாளர்கள், மருத்துவர்கள், காவல்துறை என எல்லாருக்கும் அந்தக் குழந்தையைத் தெரிந்திருந்தது. 2008 நவம்பரில் தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது. சம்பந்தப்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஒரு பத்திரிகை பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கியது. டிசம்பரில் அமைச்சர் எட் பால்ஸ், நேரலைச் செய்தியாளர் சந்திப்பில், ஹாரிங்கேயின் குழந்தைகள் சேவை இயக்குநர் ஷாரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்.

2011 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்றது. அவர் தவறே செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்பு தரப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அரசுக்குப் பெரிய செலவும் தலைகுனிவுமாக முடிந்தது.

ஒழுங்குமுறைச் சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் பாதுகாப்பை மூன்றாகப் பிரிக்கிறது: மக்களின் உடல்நலமும் பாதுகாப்பும் நல்வாழ்வும், தொழிலின் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை, தொழிலின் தரமும் நடத்தையும். தண்டனை என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நடந்தது என்ன என்று பார்த்தபின் விசாரணைக் குழு கேட்பது, 'இவர் இன்றைக்கு இந்த வேலைக்குத் தகுதியானவரா' என்பதை. பத்திரிகை படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். குழந்தை இறந்திருக்கிறது, இவர்களோ 'இன்றைக்கு' என்கிறார்களே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆத்திரத்தில் ஒருவரைத் தூக்கி எறிந்ததற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பேபி பி விவகாரத்துக்குப் பிறகு குழந்தைகளைப் பிரிக்கக் கோரும் மனுக்கள் இங்கிலாந்து முழுக்க மளமளவென்று கூடின. பயந்துபோன பணியாளர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் முதலில் பார்ப்பார்.

கடைசிப் படியில் நிற்பவரை மட்டும் பிடிப்பது

அதே ஹாரிங்கேயில் வாழ்ந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியும் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் சித்திரவதைக்குள்ளாகி இறந்தாள். ஐவரி கோஸ்டிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவள். லார்ட் லாமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003-இல் வந்தது. அந்தச் சிறுமியைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று அது எண்ணிக் காட்டியது. அவளுடைய கேஸைப் பார்த்த பணியாளரின் கையில் 19 கேஸ்கள் இருந்தன. அந்தக் குழுவின் சொந்த விதிப்படி அதிகபட்சம் 12.

மீதி ஏழைக் கொடுத்தது யார்? லாமிங் மேலே இருந்தவர்களைத்தான் கடுமையாகச் சாடினார். ஆனால் பதிவேடு என்பது தனி ஆட்களின் பட்டியல். கேஸை ஏழு கூடுதலாக ஒதுக்கிய நிர்வாகத்தை அதிலிருந்து நீக்க முடியாது. அந்த நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர் சமூகப் பணியாளராகவே இல்லாமல் இருக்கலாம். ஷூஸ்மித் கல்வித்துறையிலிருந்து வந்தவர். கவுன்சிலின் சேவையை ஆய்வு செய்வது ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பின் வேலை, ஆளை ஆராய்வது ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. தன் தோல்வியை ஒரு பணியாளர் மீதான புகாராக எழுதி ஷெஃபீல்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க நினைக்கும் மேனேஜருக்கு அந்த இடைவெளி வசதி.

ஆகவே புகாரைப் படிப்பவர் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். அந்த மாதம் அவர் கையில் எத்தனை கேஸ்? மேலதிகாரி அவரோடு கடைசியாக உட்கார்ந்து பேசியது எப்போது? 'முடியவில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்தாரா, கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் எங்கே? இதன் மறுபக்கமும் உண்டு. சிக்கலான ஆளை ராஜினாமா செய்ய வைத்து, யாருக்கும் சொல்லாமல் அனுப்பிவிடுவது. அடுத்த மாதம் அவர் ஏஜென்சி வழியாகப் பக்கத்து கவுன்சிலில் சேர்ந்திருப்பார். புதிய இடத்தில் அவர் பார்க்கப்போகும் குடும்பங்களுக்கு எதுவும் தெரியாது.

புகார் வந்ததே போதும் என்று நினைப்பது

புகாரைத் தேங்கவிடுவது தவறு என்றால், வந்த புகாரை அப்படியே நம்புவதும் தவறு. ஒரு சமூகப் பணியாளர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பாலினம் பற்றிய விவாதங்களில் தன் கருத்துக்கு ஒத்தவற்றைப் பகிர்ந்து வந்தார். பொதுவெளியில் அல்ல, சில பத்து நண்பர்களுக்குள். அந்த நண்பர்களில் ஒருவரே புகார் கொடுத்தார். ஒழுங்குமுறை அமைப்பு அவருக்கு ஓராண்டு எச்சரிக்கை கொடுத்தது, வேலை பார்த்த கவுன்சில் அவரை இடைநீக்கம் செய்தது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் இரண்டு அமைப்புகளும் அவரைத் துன்புறுத்தின என்று தீர்ப்பு வந்தது. சோஷியல் வொர்க் இங்கிலாந்து மீது, மற்றவர்களுக்கும் பாடமாகும்படி, 5,000 பவுண்டு தனி இழப்பீடும் விதிக்கப்பட்டது.

தீர்ப்பாயம் சுட்டிய குறைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. புகார் உள்நோக்கத்தோடு வந்திருக்கலாமோ என்று அமைப்பு பார்க்கவே இல்லை. அந்தப் பணியாளரின் கருத்து உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஒருவரின் கருத்து வேறு, அவர் தன் வேலையில் யாரையாவது பாரபட்சமாக நடத்தினாரா என்பது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் தேட வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, விசாரணைக்குப் போகாமலே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளும் முறை. நிலுவை குறையும், செலவும் குறையும். ஆனால் விசாரணைக் குழுவின் தீர்ப்பு மிகவும் மென்மையாக இருந்தால் மேற்பார்வை அமைப்பு அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், ஒப்புக்கொண்டு முடித்த வழக்கில் அந்த அதிகாரம் இல்லை. பணியாளர் பக்கமும் ஒரு ஆபத்து: 'எச்சரிக்கைதானே, கையெழுத்துப் போட்டுத் தொலைப்போம்' என்று போட்டுவிடுவார்கள். எச்சரிக்கை ஓராண்டு, மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு, பதிவேட்டில் எல்லாரும் பார்க்கும்படி நிற்கும்.

பணியாளர்கள் செய்யும் சின்னத் தவறுகள்

செப்டம்பர் 1-இல் தொடங்கும் பதிவுப் புதுப்பிப்பு நவம்பர் 30-இல் முடிகிறது. கற்றுக்கொண்டதைப் பற்றி இரண்டு குறிப்புகள் பதிவேற்ற வேண்டும், ஒன்றாவது சக பணியாளரோடு பேசி எழுதியதாக இருக்க வேண்டும். கடைசி நாள்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். புகார் கடிதம் வந்தால் பதில் போடாமல் இருப்பது அதைவிட மோசம். 'எங்கே தவறினேன், அதற்குப் பின் என்ன மாற்றினேன்' என்று சொல்லத் தெரிந்தவருக்கும், கடைசிவரை எல்லாவற்றையும் மறுத்தவருக்கும் முடிவுகள் வேறாக அமைவது வழக்கம்.

இந்தியாவிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கமே புதிது. இங்கே சமூகப் பணிக்கென்று வழக்கறிஞர்களுக்கு இருப்பதுபோல ஒரு கவுன்சில் கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அவ்வளவே. ஊரில் பத்து வருடம் அந்தப் பெயரில் வேலை பார்த்திருக்கலாம். இங்கிலாந்தில் பதிவு கிடைக்கும் முன் லிங்க்ட்இனில்கூட அங்கே சோஷியல் வொர்க்கராக இருப்பதாகப் போட்டுவிடாதீர்கள்.

குடும்பங்கள் தட்டும் தவறான கதவு

குழந்தையைப் பிரித்துவிட்டார்கள் என்று ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதும் பெற்றோர் உண்டு. குழந்தையைத் திருப்பித் தரவோ நீதிமன்ற உத்தரவை மாற்றவோ அந்த அமைப்பால் முடியாது. உத்தரவை எதிர்ப்பதென்றால் வழக்கறிஞரோடு மேல்முறையீடு. கவுன்சிலின் சேவை மோசம் என்றால் முதலில் கவுன்சிலிடமே புகார், அப்புறம் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளர். அந்தப் பணியாளர் பொய் எழுதினார், மிரட்டினார், ஆவணத்தை மாற்றினார் என்றால்தான் ஷெஃபீல்டு. அப்போதும் 'எங்களை மதிக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் முதல் வடிகட்டலிலேயே முடிந்துபோகும். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் என்று எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன், வீட்டுக்கு வந்தவரின் பெயரை அமைப்பின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள், காசு ஒன்றும் இல்லை. பதிவு நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று காட்டிவிடும்.