ஹோம்கமிங் நடனம்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால், ஹைஸ்கூல் பிள்ளை இருக்கும் வீட்டில் ‘ஹோக்கோ’, அதாவது ஹோம்கமிங் நடனத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஊரில் படித்து வந்த அப்பா அம்மாவுக்கு இதோடு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. பள்ளி ஆண்டுவிழாவும் இல்லை, கல்லூரி கல்சுரல்ஸும் இல்லை. அதனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு டான்ஸ்?” என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால், எல்லோரும் செய்கிறார்களே என்று நிச்சயதார்த்தத்துக்குச் செலவழிக்கிற மாதிரி செலவழிக்கிறோம். இதில் பள்ளி கேட்பது எவ்வளவு, பிள்ளைகள் தங்களுக்குள் ஏற்றிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளி கேட்பது ரொம்பக் கொஞ்சம்தான்.

முதல் தவறு, இதை ப்ராம் என்று நினைத்துக்கொள்வது. ப்ராம் வசந்த காலத்தில், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்பினருக்காக, பல ஊர்களில் ஹோட்டல் மண்டபத்தில் நடப்பது. தரை தொடும் கவுன், டக்ஸீடோ எல்லாம் அதற்குத்தான். ஹோம்கமிங் அப்படி இல்லை. பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்ப்பதில் தொடங்கிய கல்லூரி வழக்கம் இது. பேய்லர் பல்கலைக்கழகம் 1909 என்கிறது, இல்லினாய் பல்கலைக்கழகம் 1910 என்கிறது, மிசௌரி பல்கலைக்கழகம் 1911 என்கிறது. யார் முதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஹைஸ்கூலில் வாரம் முழுக்க ‘ஸ்பிரிட் வீக்’ என்று நாளுக்கொரு வேஷம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம், சனிக்கிழமை நடனம் என்பது வழக்கமான வரிசை. நடனம் பெரும்பாலும் பள்ளி ஜிம்மிலேயே நடக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் போகலாம். பெண்களுக்கு முழங்காலளவுக் குட்டை கவுன், பையன்களுக்குச் சட்டை, டை, நல்ல பேண்ட் போதும். கோட்டு சூட்டு கட்டாயமில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு அக்டோபரில் சூட் வாங்கினால் ஏப்ரலில் கணுக்கால் தெரியும்.

டிக்கெட் விஷயத்தில் சறுக்குவது விலையால் இல்லை, தேதியால். பல பள்ளிகளில் 20 முதல் 40 டாலருக்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் வாரம் ஒரு விலை, கடைசி வாரம் இன்னொரு விலை. அன்றைக்கு வாசலில் விற்கமாட்டோம் என்று சொல்லும் பள்ளிகளும் நிறைய. கலிஃபோர்னியாவின் பல பள்ளிகளில் ஏஎஸ்பி (ASB) என்ற மாணவர் மன்ற அட்டை வைத்திருந்தால் சலுகை உண்டு. நூலகப் புத்தகம் திருப்பித் தரவில்லை, பள்ளி லேப்டாப்பின் சார்ஜர் தொலைந்த கட்டணம் பாக்கி என்று ஏதாவது இருந்தால் டிக்கெட்டே தராத பள்ளிகளும் உண்டு. பிள்ளை வந்து கேட்கும்போது விற்பனை முடிய ஒரு நாள்தான் இருக்கும். அதனால் செப்டம்பர் தொடக்கத்திலேயே பள்ளி இணையதளத்தில் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேறு பள்ளித் தோழியையோ தோழனையோ அழைத்துப்போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு கெஸ்ட் ஃபார்ம் இருக்கும். அந்தப் பள்ளி நிர்வாகியின் கையெழுத்து, இரண்டு வீட்டாரின் கையெழுத்து, அடையாள அட்டை நகல் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி உண்மையான செலவுக்கு வருவோம். உடையில் பணம் வீணாவது பெரும்பாலும் தாமதத்தால்தான். இணையத்தில் மலிவாகத் தெரிகிற கவுன் கடல் தாண்டி வர மூன்று வாரம் பிடிக்கும். வந்த பிறகு தோள்பட்டை பொருந்தாது. இங்கே தைத்துச் சரிசெய்யும் கூலி சில சமயம் உடையின் விலையையே தொட்டுவிடும். பார்ட்டி உடைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளாத கடைகள் உண்டு. எடுத்துக்கொள்ளும் கடைகளும் டேக் கழற்றாமல் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். வாங்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். ஒரே கவுனில் இரண்டு பேர் வந்துவிடக் கூடாது என்று சில பள்ளிகளில் பெண்பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் தனிப் பக்கம் வைத்து, வாங்கிய உடையின் படத்தைப் போட்டு வைப்பார்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், “அதையே வாங்கேன், நல்லாத்தானே இருக்கு” என்று நாம் சொல்லும்போது மகள் முகம் ஏன் சுருங்குகிறது என்பதற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

செருப்புக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். எண்பது டாலர் ஹீல்ஸ் அரைமணி நேரத்தில் ஜிம் சுவரோரம் குவியலாகக் கிடக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடோ சாக்ஸோடோதான் ஆடுவார்கள். நகை வாங்கவே வேண்டாம். நவராத்திரிக்கு என்று ஊரிலிருந்து வந்த ஜிமிக்கியும் கல் வளையலும் வீட்டில் இருக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளிடம், எங்கே வாங்கினாய் என்று மற்றவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். தங்கம் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் தொலைந்தால் தேடுவது கஷ்டம்.

டெக்சஸில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, கேட்டி பக்கம் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் முதல் வருடம் திகைத்துப்போவது ‘மம்’ பார்த்துத்தான். ஒரு காலத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் நிஜச் செவ்வந்திப் பூவாக இருந்தது, இப்போது துணிப்பூ, தரை வரை தொங்கும் ரிப்பன், மணி, கரடி பொம்மை, மினுக்கும் விளக்கு என்று வளர்ந்து நிற்கிறது. கழுத்தில் மாட்டினால் பிள்ளை நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம் வரும். பையன்கள் அதன் சின்ன வடிவத்தைக் கையில் கட்டிக்கொள்வார்கள். அதற்கு கார்ட்டர் என்று பெயர். செய்து தருபவர்களிடம் கொடுத்தால் நூறு டாலரில் ஆரம்பித்துப் பல நூறுக்குப் போகும்.

இதில் தவறுகள் மூன்று விதம். நடனத்துக்கு மாட்டிக்கொண்டு போவது என்று நினைப்பது ஒன்று. மம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கும் ஆட்டத்துக்கும்தான், சனிக்கிழமை சுவரில் தொங்கும். இரண்டாவது, பேசி வைத்துக்கொள்ளாதது. ஜோடியாகப் போகிறவர்களில் பையன் வீட்டார் மம்முக்கும் பெண் வீட்டார் கார்ட்டருக்கும் பொறுப்பு என்பது வழக்கம். இரண்டு அம்மாக்களும் முன்கூட்டியே பேசி ஒரு தொகை வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரு பக்கம் பிரம்மாண்டமும் மறுபக்கம் ஒற்றைப் பூவுமாக நிற்கும். மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பிலேயே ஆகப் பெரியதை வாங்குவது. பெரியது பன்னிரண்டாம் வகுப்பு சீனியர்களுக்கு, பல பள்ளிகளில் வெள்ளையும் வெள்ளி நிறமும் அவர்களுக்கே உரிய நிறங்கள். ஹாபி லாபி, மைக்கேல்ஸ் போன்ற கடைகளில் பூவும் ரிப்பனும் தனித்தனியாகவே கிடைக்கும். கொலு அலங்காரம் செய்யத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. பசைத் துப்பாக்கியில் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மற்ற மாநிலங்களில் ஜோடியாகப் போகிறவர்களுக்கு மணிக்கட்டில் கட்டும் கார்சாஜ், சட்டையில் குத்தும் பூட்டனியர், அவ்வளவுதான். சூப்பர்மார்க்கெட் பூக்கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் போதும்.

ஜோடி என்றதும் பல வீடுகளில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. கையில் அட்டையும் மார்க்கரும் வைத்துக்கொண்டு ஏதோ சிலேடை எழுதி, “ஹோக்கோ வருவியா?” என்று கேட்பது இப்போதைய வழக்கம். அது காதல் கடிதம் ஆகவேண்டிய அவசியமில்லை. பல சமயம் நண்பர்கள்தான், படம் எடுக்க ஒரு சாக்கு. இதைவிடவும் பரவலாக இருப்பது எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகப் போவது. “யாரோட போறே?” என்று கேட்டால் விசாரணை போல இருக்கும்; “யார் யார் போறீங்க?” என்றால் பெயர்கள் தானாக வரும். தயவுசெய்து அந்தப் பையனின் அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு நாம் கோட்டைவிடும் இடம். ஹோம்கமிங் பெரும்பாலும் புரட்டாசியில் வந்து விழும். சைவம் சாப்பிடும் பிள்ளை கூட்டத்தோடு ஸ்டேக் கடையில் உட்கார்ந்து இருபது டாலருக்கு உருளைக்கிழங்கு தின்றுவிட்டு வரும். க்ரூப் சாட்டில் கடையை முடிவு செய்வதற்கு முன்பே மெனுவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மேசைக்குப் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீத டிப்பைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும், தனித்தனி பில்லும் தரமாட்டார்கள். அது தெரியாமல் கணக்காக முப்பது டாலர் கொடுத்தனுப்பினால் பிள்ளை சங்கடப்படும். இதைவிட நல்ல வழி, யாராவது ஒரு வீட்டில் பாஸ்தா, பீட்சா என்று முடித்துக்கொள்வது. நீங்களே அழைக்கலாம், எந்தப் பிள்ளை எப்படி என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று.

நடனத்துக்கு முன் பூங்காவிலோ ஒரு வீட்டுக் கொல்லையிலோ படம் எடுப்பார்கள். அதற்குப் பெற்றோரும் வருவார்கள். நாம்தான் பிள்ளையை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிவிடுகிறோம். மற்ற அப்பா அம்மாக்களின் எண்ணை வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் இல்லை. எடுத்த படத்தைப் பிள்ளையைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கையில்லாத கவுனைப் பற்றி மதுரையிலிருந்து பெரியம்மா சொல்லும் கருத்து சனிக்கிழமை ராத்திரி பிள்ளைக்குத் தேவையில்லை. விசிட்டர் விசாவில் பாட்டி வந்து நம் வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது, முன்னாடியே உடையைக் காட்டி, அவர் சொல்வதையெல்லாம் சொல்லி முடிக்க விட்டுவிடலாம்.

காரில்தான் கண்டிப்பு வேண்டும். புதிதாக லைசென்ஸ் வாங்கிய சீனியர் பையன் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகிறான் என்றால் அது பல மாநிலங்களில் சட்டப்படியே தவறு. கலிஃபோர்னியாவில் 18 வயது ஆகாதவர்கள் முதல் பன்னிரண்டு மாதம் ராத்திரி 11 மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, பெற்றோரோ 25 வயதாவது ஆன ஓட்டுநரோ உடன் இல்லாமல் 20 வயதுக்குட்பட்டவர்களை ஏற்றவும் கூடாது. நடனம் முடிவதே 11 மணிக்கு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஊபரில் சாதாரணக் கணக்குக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோர் கணக்கோடு இணைத்த டீன் கணக்கு 2023 முதல் பல நகரங்களில் இருக்கிறது. ஆஃப்டர் பார்ட்டி என்றால் வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் என்றால், 21 வயதுக்குட்பட்டவர்கள் குடிக்க இடம்கொடுத்த வீட்டாரையே பொறுப்பாக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பத்து மணிக்கே வந்து கூட்டிப்போகச் சொல்லி ஃபோன் வரலாம், கையருகிலேயே வைத்திருங்கள்.

வேலை போய் இந்த வருடம் கையைக் கடிக்கிறது என்றால் அதைப் பிள்ளையிடம் மறைத்து, வேறு சாக்குச் சொல்லித் தடுக்க வேண்டாம். பல பள்ளிகளில் மாணவர் ஆலோசகரான கவுன்சிலரிடம் சொன்னால் டிக்கெட் கட்டணத்தைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்து தருவார்கள். நன்கொடையாக வந்த கவுன்களையும் கோட்டுகளையும் இலவசமாகத் தரும் ஏற்பாடு சில பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் இருக்கிறது. செப்டம்பரிலேயே போனால்தான் பிள்ளையின் அளவில் கிடைக்கும்.