டோட்டல் லாஸ் ஆன காருக்கு முழுப் பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேலூர் பக்கம் வரும்போது முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, என் மச்சானுடைய ஆறு வருடப் பழைய கார் அதன் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே பெரிய விஷயம். இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது: "சார், வண்டி டோட்டல் லாஸ். 2,40,000 தர்றோம். சம்மதம்னு ஒரு மெயில் போட்டுடுங்க." பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்கு என்று எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்பு, 4,00,000. அவர் மெயில் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று.

போனில் சரி என்று சொல்லவே சொல்லாதீர்கள். "கணக்கை மெயிலில் அனுப்புங்க, சர்வே ரிப்போர்ட் காப்பியும் வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதும் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். மச்சான் வண்டிக்கு 3,00,000 தாண்ட வேண்டும், ஒர்க்ஷாப் எஸ்டிமேட் 3,40,000. அப்படியானால் அவர் கைக்கு வர வேண்டியது ஐடிவி முழுசும், அதில் கட்டாயக் கழிவு மட்டும் போகும் (1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000). அதாவது 3,99,000. இந்தப் பணம் இரண்டு இடத்திலிருந்து வரலாம்: கம்பெனி ஒரு பங்கு தரும், உடைந்த வண்டியை வாங்குகிறவர் ஒரு பங்கு தருவார். யார் எவ்வளவு தந்தாலும் சரி, இரண்டும் சேர்ந்து 3,99,000 வந்தாக வேண்டும். இந்த ஒரு கூட்டலை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

பணம் காணாமல் போவது உடைந்த வண்டியின் விலையில்தான். மச்சான் விஷயத்தில் சர்வேயர் அதை 1,59,000 என்று போட்டிருந்தார், அதைக் கழித்துத்தான் 2,40,000. "வண்டியை நீங்களே வித்துக்கோங்க" என்றார்கள். கொணவட்டத்தில் தெரிந்த மெக்கானிக் மூலமாக இரண்டு காயலான் கடைக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டினோம், ஒருவர் 95,000, இன்னொருவர் 1,05,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை. அப்படியே ஒப்புக்கொண்டிருந்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும். இருவரிடமும் விலையை எழுதி வாங்கி, வண்டியின் போட்டோக்களோடு சேர்த்து ஒரே மெயில் போட்டோம்: "நீங்கள் சொல்லும் 1,59,000-க்கு வாங்குபவரை நீங்களே எழுத்தில் கொடுங்கள், வண்டியைத் தருகிறோம். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கணக்கைத் திருத்துங்கள்." பத்து நாளில் கம்பெனியே ஆன்லைன் ஏலத்தில் விட்டு 1,10,000-க்கு ஆள் பிடித்தது. கம்பெனி 2,89,000, ஏலம் எடுத்தவர் 1,10,000. கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு சாக்கும் வரும்: "பழைய வண்டி சார், மார்க்கெட்லேயே மூணு லட்சம்தான் போகும்." இதற்கு மசியாதீர்கள். ஐடிவிதான் பாலிசிக் காலம் முழுவதற்கும் மார்க்கெட் மதிப்பு, டோட்டல் லாஸில் அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்பது பாலிசி நிபந்தனையிலேயே இருக்கும். ஆனால் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று நீங்களே ஐடிவியைக் குறைத்துப் போட்டிருந்தால், குறைத்த தொகைதான் கிடைக்கும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி இரு தரப்பும் பேசி முடிவு செய்வது, ஆகவே அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சில சமயம் இதற்கு நேர்மாறாக, எஸ்டிமேட்டை வெட்டி 75 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து "ரிப்பேர் பண்ணித் தர்றோம்" என்பார்கள். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத ஆறு வருட வண்டி என்றால் இது பெரிய அடி, ஏனென்றால் ரிப்பேரில் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதமும் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக்குக்கு 50 சதவீதமும் உங்கள் தலையில் விழும். வண்டியைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருக்கிற சேதத்துக்கும் சேர்த்து எஸ்டிமேட் போடச் சொல்லி, அதற்குப் பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒர்க்ஷாப்பில் நிறுத்தி வைப்பதற்கு நாள் கணக்கில் வாடகை ஏறுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இழுத்தடித்தால்? இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் போட்ட சுற்றறிக்கைப்படி சர்வே ரிப்போர்ட் 15 நாளில் வர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை அவர் உத்தரவு போடலாம். கம்பெனி பதில் தந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்குப் பதிலாக வேலூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு வருடம் அவகாசம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் வழக்கு நடத்த முடியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்று டிஸ்சார்ஜ் வவுச்சரில் (பணம் பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் சீட்டு) கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதியே போடுங்கள்.

லோன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு.

அப்புறம் ஆர்சி. உடைந்த வண்டியை வாங்குகிறவர் ஆர்சியோடு கேட்டால், 29, 30 ஃபாரங்களை நிரப்பி ஆர்டிஓவில் பெயர் மாறும் வரை விடாதீர்கள். வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், நாளைக்கு யாரோ அதைச் சரிசெய்து ஓட்டி ஒருவரை இடித்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடைத்துப் பாகமாக விற்கத்தான் என்றால் ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்துவிட்டுக் கொடுங்கள். மச்சான் வண்டிக்குப் பெயர் மாற ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை வாரம் ஒருமுறை ஏலம் எடுத்தவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம்.