பழைய ஃப்ளூயன்ஸ் வாங்கப் போகிறீர்களா? ஏற்காட்டுக்கு ஏற்றிப் பாருங்கள்

2011இல் இந்தியாவுக்கு வந்த ரெனோ ஃப்ளூயன்ஸ் காரை இன்று பலருக்கு நினைவில்லை. அகலமான பின்சீட், குழியைக் குலுங்காமல் விழுங்கும் சஸ்பென்ஷன்; அந்த சொகுசு இன்றைய புது வண்டிகள் பலவற்றில் கிடைக்காது.

டீசலையே தேடுங்கள். அதன் 1461 சிசி இன்ஜின் ரெனோவின் டஸ்டர் காரிலும் வந்தது. அதனால் இன்ஜின் சாமான் கிடைக்கும். பாடி சாமான்தான் தலைவலி. ஹெட்லைட், பம்பர், கண்ணாடி மூன்றையும் முதலில் பாருங்கள். உடைந்திருந்தால் விலை பேசவே வேண்டாம். சாவிக்குப் பதிலான கார்டு இரண்டும் இருக்க வேண்டும்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். பானெட் சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டிவைத்து எதையோ மறைக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் அடியில் 'டக் டக்' கேட்டால் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்ஷாஃப்ட்டோடு சேரும் இடத்து பேரிங்) தேய்ந்திருக்கலாம். ஆயிலை நாள் தள்ளி மாற்றிய வண்டிகளில் இது வரும்.

பிறகு சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு மலை அடிவாரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது காதைத் தீட்டுங்கள். 'கடக்' என்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். ஏற்றத்தில் கரும்புகையோடு இழுவையும் குறைந்தால் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ் கிழிந்ததா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்க் கோணியிருக்கும்.

டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையா? பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் காலி.