ஓட்டைக் காசு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களின் கை முதலில் ஓட்டைக் காலணாவிடம்தான் (நடுவில் துளையுள்ள பழைய ஒரு பைசா) போகும். போகட்டும், நல்ல காசு. ஆனால் பழைய ஆட்கள் பணத்தைத் தொலைத்த அதே இடங்களில் புதியவர்களும் தொலைக்கிறார்கள். காசை விளிம்பில் பிடிக்க வேண்டும் என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடலாம்.

துளை என்றாலே உலோகச் சிக்கனம் என்பது

பாதி உண்மை. 1943 முதல் 1947 வரை வந்த துளையிட்ட ஒரு பைசா போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். அதற்கு முந்தைய காலணா 25 மி.மீ. அகலம், ஏறத்தாழ 4.9 கிராம். ஓட்டைக் காலணாவோ 21 மி.மீ., சுமார் 2 கிராம். ஆனால் எடை பெரும்பாலும் குறைந்தது காசு சிறுத்து மெலிந்ததால். துளை காசின் விட்டத்தில் பாதி இருந்தால்கூட அதனால் போகும் உலோகம் கால் பங்குதான்.

ஜப்பானின் 5 யென்னில் காசு 22 மி.மீ., துளை 5 மி.மீ. மிச்சமாவது நூற்றுக்கு ஐந்து. அங்கே 20 மி.மீ. அகலமுள்ள 1 யென்னும் அப்போது பித்தளைதான். விரலால் தடவியே பிரித்தறிய 1949-இல் வந்த துளை உதவியது. சீனத்துச் சதுரத் துளையின் கதை வேறு. அவை வார்ப்புக் காசுகள். விளிம்பை அரத்தால் ராவும்போது சுழலாமல் இருக்கச் சதுரக் கம்பியில் கோத்தார்கள். புழக்கத்தில் கயிற்றில் கோத்து எண்ணவும் அதே துளை பயன்பட்டது.

பின்னால் போட்ட துளையை நம்பி வாங்குவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், தப்பித்துவிடலாம். அதைக்கூட எடுக்காமல் விலை பேசுவதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

காசு அச்சடிக்கும் அக்கசாலையில் முதலில் வெற்றுத் தகட்டில் துளை விழும், பிறகுதான் அச்சு விழும். அதனால் எழுத்தும் பூவேலையும் துளையைச் சுற்றியே அமைந்திருக்கும். எந்த எழுத்தும் வெட்டுப்படாது. துளையின் ஓரம் இரு பக்கமும் வழவழப்பாக இருக்கும். ஓட்டைக் காலணாவில் ராஜா தலையே கிடையாது. மேலே கிரீடம், மறுபக்கம் துளையைச் சூழ்ந்த மலர் வளையம்.

காசுமாலைக்கோ அரைஞாணுக்கோ பின்னால் போட்ட துளை பெரும்பாலும் காசிலுள்ள ராஜா தலைக்கு மேலே, விளிம்பை ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் பிசிறு தூக்கி நிற்கும். பல வருடம் கழுத்தில் கிடந்தது என்றால் நூல் அறுத்து அறுத்துத் துளை விளிம்புப் பக்கமாக நீண்டு, முட்டை வடிவமாகியிருக்கும். அப்படிப்பட்ட வெள்ளி ரூபாய்க்கு வெள்ளி விலை மட்டும் கொடுங்கள். எடையை நம்பி ஏமாறாதீர்கள்: 11.66 கிராம் ரூபாயில் 3 மி.மீ. துளை ஒரு சதவீதத்தைத்தான் எடுக்கும். தேய்மானமே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

இன்னும் மோசமானது அடைத்த துளை. அதே உலோகத்தை வைத்துப் பற்றவைத்து, மேலே எழுத்தையும் செதுக்கிவிடுவார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காசை மெல்லத் திருப்புங்கள். அடைத்த இடம் நிறம் மாறி, வட்டமான நிழலாகத் தெரியும்.

"துளை போட மறந்த 5 யென்" என்று சொல்வதை நம்புவது

1948, 1949 ஆண்டுகளின் துளையில்லாத 5 யென் பிழைக் காசு அல்ல. நாடாளுமன்றக் கட்டடமும் புறாவும் உள்ள சாதாரண வெளியீடு. துளையுள்ளதில் நெற்கதிரும் பல்சக்கரமும் இருக்கும். அந்த வடிவமைப்பு துளையில்லாமல் வந்தால் மட்டும் லென்ஸை எடுங்கள்.

புளி போட்டுத் தேய்ப்பது

கூடாது.

கம்பியில் கோத்து வைப்பது

இரும்புக் கம்பி துரு பிடித்துத் துளையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காசுக்கு ஒரு உறை போடுங்கள்.