ஃபாண்டன்ட் இல்லாமல் ஒரு ஜல்லிக்கட்டு கேக்

எங்கள் வீடு அவனியாபுரத்தில். பொங்கலன்று மாடு அவிழ்க்கும் ஊர் என்பதால், ஐந்து வயதாகும் மகனிடம் என்ன கேக் வேண்டும் என்று கேட்கும் வேலையே இல்லை. காளைதான். ஆனால் அவன் பிறந்தது தையில் இல்லை, க்ரீம் உருகும் மே மாத வெயிலில். சிக்கலே அங்கேதான்.

ஃபாண்டன்ட், அதாவது கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு, வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் அதை உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள். அதோடு க்ரீம் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். ஃபாண்டன்ட் வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

ஒரு கிலோ கேக்குக்கு முந்தின நாளே சுட்டு ஆறவைத்த ஸ்பாஞ்ச், பால் சேராத விப்பிங் க்ரீம் 400 மி.லி., டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 150 கிராம், கோகோ பவுடர், வேஃபர் பிஸ்கட், ஒரு டப்பா சோன் பப்டி. ஸ்பாஞ்ச் சுடுவது உங்களுக்கே தெரியும்.

முதலில் காளை. திமில் எடுப்பாகத் தெரியும் படம் ஒன்றைத் தாளில் வரைந்து, மேலே பட்டர் பேப்பர் விரியுங்கள். கொதித்த தண்ணீருக்கு மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கவும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும். பைப்பிங் பேக் வாங்க வேண்டாம். கழுவி நன்றாகக் காயவைத்த பால் கவரின் மூலையில் ஊசித்துளி அளவு வெட்டினால் போதும். கோடு போட்டு, உள்ளே நிரப்பி, கொம்புக்கு மட்டும் இரண்டு முறை ஊற்றுங்கள். கால்களுக்குக் கீழே ஒரு அங்குலம் பட்டையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேக்குக்குள் இறங்குவது அதுதான். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில். ஜல்லிக்கட்டில் இறங்கும் புலிக்குளம் இனக் காளை கருஞ்சாம்பல் நிறம் என்பதால் டார்க் சாக்லேட் பொருத்தமாகவே இருக்கும்.

இப்போது க்ரீம். நான் அழுத இடம் இது. முதல் பாக்கெட்டை முழுதாக உருகவிட்டு, அடுப்படிச் சூட்டில் இருபது நிமிடம் பீட்டரை ஓட்டினேன். கடைசிவரை மோர் மாதிரியே இருந்தது. "தயிர் கடைஞ்சிருந்தா வெண்ணெயாவது வந்திருக்கும்" என்றார் மாமியார். இரண்டாவது பாக்கெட்டில்தான் பிடிபட்டது. ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, பாதி உருகி உள்ளே ஐஸ் துகள் இன்னும் நறநறக்கும்போதே அடிக்கத் தொடங்க வேண்டும். பாத்திரமும் பீட்டர் கம்பியும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் இருக்கட்டும். அடியில் ஐஸ்தண்ணீர்த் தட்டு. முதலில் மெதுவாக, துகள் கரைந்ததும் நடுத்தர வேகம். கம்பியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்க வேண்டும்; அங்கேயே நிறுத்துங்கள். ஆசைப்பட்டு இன்னும் ஒரு நிமிடம் ஓட்டினால் சொரசொரப்பாகும். அப்படி ஆகிவிட்டால், அடிக்காத க்ரீம் இரண்டு ஸ்பூன் விட்டுக் கையால் மெல்லக் கலந்தால் சரியாகும்.

கோகோவைச் சலித்துப் பாதி க்ரீமில் சேர்த்தால் மண் நிறம் வரும். வேறு நிறம் வேண்டுமென்றால் ஜெல் கலர்தான். தண்ணியான கலர் க்ரீமை இளக்கிவிடும்.

அப்புறம் அடுக்குவது. உதிர்கிற தூளை அடக்க ஒரு மெல்லிய பூச்சு, அரை மணி ஃப்ரிட்ஜ், பிறகு கனமான பூச்சு. சுழல்மேடை இல்லையா? கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தட்டு. வேஃபரை இரண்டு பக்கமும் நட்டால் வாடிவாசல். நடுவே காளையைக் குத்துங்கள். கடைசியில் சோன் பப்டியை நார் நாராகப் பிய்த்துத் தூவினால், களத்தில் பரப்பிய தேங்காய் நார் அப்படியே! இதை மட்டும் வெட்டுவதற்குச் சற்று முன் செய்யவும். ஈரம் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், காளையைப் போலவே சாக்லேட்டில் பிள்ளையின் பெயரையும் எழுதியிருக்கிறார்; அது மட்டும் இடவலம் மாறி வந்துவிட்டது என்றார். பேப்பர் ஒட்டிய வழுவழுப்பான பக்கம் மேலே வரும்படி படுக்கவைக்கிறீர்கள் என்றால், எழுத்துத் தாளை முதலிலேயே திருப்பிப் போட்டு அதன் மேல் எழுதுங்கள். இன்னொன்று, மெழுகுவர்த்தியைக் காளையிலிருந்து தள்ளிக் குத்துங்கள். எங்கள் காளை ஒற்றைக் கொம்போடுதான் போட்டோவில் இருக்கிறது.