“யாரோ நினைக்காவ” என்று விட்டுவிடாதீர்கள்

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஆச்சிக்குப் புரையேறுகிறது. மகள் உச்சந்தலையில் தட்டி, “யாரோ நினைக்காவ” என்கிறார். பாளையங்கோட்டையைச் சுற்றி நான் பயிற்சி கொடுக்கப் போகும் பல வீடுகளில் இதே காட்சிதான். கூடவே என்னிடம் ஒரு கேள்வி: “பேச வைக்கத்தானே வந்தீய, தொண்டைய ஏன் பாக்கீய?” பேசுவதற்கும் விழுங்குவதற்கும் அதே உதடு, அதே நாக்கு, அதே தொண்டைதான். அதனால் இரண்டும் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை.

பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். புரையேறினால் இருமலாவது உணவை வெளியே தள்ளும். சிலருக்கு அந்த இருமலே வராது. உணவு சத்தமில்லாமல் மூச்சுக்குழாயில் இறங்கி, பிறகு காய்ச்சல், நிமோனியா என்று வெளிப்படும். “இருமலே இல்ல, நல்லாத்தான் முழுங்குதாவ” என்று நம்புவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. ஒரு வாய் விழுங்கியதும் “ஆ” சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் ஊட்டுவதை அத்தோடு நிறுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். “சோறு வேண்டாம், ஒரு வாய் தண்ணியாவது குடிக்கட்டும்” என்பார்கள். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும், தொண்டை மூடுவதற்குள் ஓடிவிடுவது தண்ணீர்தான். ரசஞ்சோறும் சொதி ஊற்றிய இடியாப்பமும் இன்னும் சிரமம்: நீர் முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். கெட்டியான உளுந்தங்கஞ்சி பலருக்குச் சுலபமாக இறங்கும். ஆனாலும் யாருக்கு எந்தப் பதம் என்று பரிசோதித்த பிறகே சொல்ல முடியும். மாவு போட்டுக் கெட்டியாக்கியதை எச்சில் பட்ட கரண்டியால் கிண்டிக்கொண்டே ஊட்டினால், எச்சில் மாவுச்சத்தை உடைத்து நீர்த்துப்போகச் செய்துவிடும்.

சாப்பாடு கொடுக்க மூக்கில் டியூப் இருந்தால் வாயைக் கழுவ வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எச்சில் இறங்கத்தானே செய்யும்? அதோடு வாயிலுள்ள கிருமியும் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

விழுங்கும் பயிற்சியால் பலன் உண்டா? 2006இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் பக்கவாதம் வந்த 306 பேரைப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையும் வாரம் மூன்று முறை பயிற்சி பெற்றவர்களையும்விட, தினமும் பெற்றவர்களே அதிகமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். இங்கேயோ இரண்டு நாள் செய்துவிட்டு, “ஒண்ணும் தெரியலியே” என்று விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் செல்போனில் பார்த்ததைச் செய்கிறார்கள். மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது ஒருவருக்குக் கைகொடுக்கும். இன்னொருவருக்கு வாயிலிருந்தே வழிந்துவிடும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் மருமகளிடம் மட்டும் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்க்க வந்த அண்ணாச்சி ஒருவர், நெய்யில் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று தாத்தா வாயில் அல்வாவை வைத்திருக்கிறார். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலேயே ஒட்டிவிட்டு வருகிறேன். முதல் வரி அல்வா.