பழைய கசவு முண்டில் ஒரு திண்டு தைக்கலாம்

போஹீமியன் பாணி என்று இணையத்தில் விற்கிற சாமானில் பாதி, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே கிடக்கும். கயிற்றுக் கட்டில், பவானி ஜமக்காளம், பாட்டியின் கசவு முண்டு (ஜரிகைக் கரை போட்ட கேரள வெள்ளை வேட்டி). குறைவது திண்டு, அதாவது உருளைத் தலையணை ஒன்றுதான்.

கட்டில்

கால்மாட்டில் உள்ள இழுகயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு கண்ணியாக இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். தொய்வு போய்விடும். தென்னங்கயிறு உடம்பில் குத்தும், அதனால் மேலே ஜமக்காளம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது பவானி ஜமக்காளம். தடித்த பருத்தி நூல், பட்டைக் கோடுகள்.

துணி

பழைய முண்டுதான் நல்லது; சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கியிருக்கும். கசவு நெய்யும் ஊரான குத்தாம்புள்ளியில் புதிதாக வாங்கினால், கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தி, அப்புறம் வெட்டுங்கள். கசவை உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள்.

அளவு

திண்டு 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. விட்டம். 20ஐ 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 63. தையலுக்கு 3 சேர்த்தால் 66. நீளத்துக்கும் அதே 3 சேர்த்து, 63க்கு 66 செவ்வகம் ஒன்று, 23 செ.மீ. வட்டம் இரண்டு. கசவுக் கரை 66 செ.மீ. பக்கத்தில் வரட்டும். அப்போது அது திண்டின் முனையில் வளையமாக நிற்கும். நடுவில் வந்தால் ஜரிகை கன்னத்தில் உராயும்.

தையல்

63 செ.மீ. பக்கங்களை, நல்ல பக்கம் உள்ளே இருக்க, சேர்த்துப் பிடியுங்கள். இரு முனையிலும் 11 செ.மீ. மட்டும் தைத்து, நடுவில் ஜிப் வையுங்கள். ஜிப்பைப் பாதி திறந்தே விடுங்கள், இல்லையென்றால் கடைசியில் உறையைத் திருப்ப வழியிருக்காது. வட்டத்தைச் சேர்க்கும் முன், குழாயின் விளிம்பில் 2 செ.மீ.க்கு ஒரு தடவை 1 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுக் கொடுங்கள். துணி வளைந்து கொடுக்கும், சுருக்கம் விழாது. நாலு இடத்தில் குண்டூசி குத்தி, விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி நிதானமாகத் தையுங்கள். அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும் இடம் இதுதான்.

பஞ்சு

உள்ளுறைக்கு அதே அளவில் வெளுக்காத கோராத் துணி. ஜிப் வேண்டாம், ஒரு சாண் திறப்பு போதும். ஃபேனை நிறுத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இலவம்பஞ்சை அடையுங்கள். முனைகளை முதலில் கெட்டியாக நிரப்பிவிட்டு நடுவுக்கு வாருங்கள். பஞ்சு எப்படியும் அமுங்கும். இனி போகாது என்று தோன்றிய பிறகும் இரண்டு பிடி திணித்து, கையால் தைத்து மூடுங்கள்.

வெளியுறையை மட்டும் துவையுங்கள். உள்ளுறைக்கு வெயில் போதும். ஆடிச் சாரலில் ஜன்னலோரம் வைத்தால் ஈரம் ஏறி நாறும்.

ஜமக்காளத்தின் கோடுகளுக்கு வெறும் வெள்ளைத் திண்டு பொருத்தமாக இருக்கும். கூடவே கலம்காரி, கண்ணாடி வேலைப்பாடு என்று எல்லாவற்றையும் அதே கட்டிலில் ஏற்றினால் கண்காட்சி ஸ்டால் மாதிரி ஆகிவிடும். ஆசைப்பட்டால் கலம்காரியைச் சுவரில் மாட்டுங்கள், வெயில் படாத பக்கமாக.